வளைவை நேராக்கியபோது

எங்களைக் கேட்காமலே ரோடு போட்டுவிட்டார்கள் என்று எங்கள் காலனியில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. கேட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து ஒருமுறை கேட்டார்கள். அப்படிச் சரியாகக் கேட்டார்களா என்று பார்ப்பதற்காகவே மெட்ராஸிலிருந்து ஒரு மேலதிகாரி ஜீப்பில் வந்து மறுபடியும் கேட்டார். அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியை என் நைனா எடுக்கவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொத்தனார். தாம்பரம், குரோம்பேட்டை என்று எங்கே வீடு எழும்பினாலும் போய்விட்டு, சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் காலனி ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. முக்கால்வாசி கத்தோலிக்கக் குடும்பங்கள். ஓலை வேய்ந்த ஒரு கோயில், மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் சாமியார், மீதி நாளெல்லாம் ஜெபம் சொல்ல ஒரு உபதேசியார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர். கழனியும் கிணறும் பம்புசெட்டும் ஊர்க்காரர்களுடையது.

அப்போது ரோடு ஏரிக்கரையிலிருந்து இறங்கியதும் கருக்கரிவாள் மாதிரி வளைந்துதான் போகும். அந்த அரிவாளின் வயிற்றுக்குள்தான் எங்கள் கல்லறைத் தோட்டம். தோட்டம் என்று பேர்தானே தவிர, வேலிக்காத்தான் முள்ளும் அருகம்புல்லும்தான். பஸ் அந்த இடத்துக்கு வரும்போது கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே, "வளைவு, வளைவு, கம்பியப் புடிச்சிக்கோ" என்று கத்துவார். ஸ்டாப்புக்கே அதுதான் பெயராகிவிட்டது. "எங்க எறங்கணும்?" "வளைவு ஒண்ணு."

மலையில் ஜல்லி ஏற்றிய லாரிகள் அந்த வளைவில் வேகம் குறைக்காமல் வரும். எத்தனையோ கவிழ்ந்திருக்கின்றன. நான் ஏழாவது படிக்கும்போது, மாவு மில்லிலிருந்து தலையில் டின்னோடு வந்த என் அம்மாவை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். மாவு மட்டும் ரோட்டில் வெள்ளையாகக் கிடந்தது. அடுத்து வந்த பஸ் அதன்மேல் போனதில் டயர்த் தடம் கொஞ்ச தூரத்துக்கு வெள்ளையாகவே போயிற்று.

அம்மாவை அரிவாளின் வயிற்றுக்குள் வைத்தோம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சிமெண்டு வைக்கக் கூடாது. இடம் சின்னது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான். வருஷங்கள் போனபிறகு அதே குழியைத் திறந்து அடுத்தவரை வைப்பார்கள். மேலே மண்மேடு, தலைமாட்டில் சவுக்குக் கட்டையில் ஒரு சிலுவை. மழைக்கு மேடு கரையும், சிலுவையைக் கரையான் தின்னும். கல்லறைத் திருநாள் வருகிற வாரத்தில் எல்லாரும் போய் முள் வெட்டி, மண் போட்டு, புதுச் சிலுவை நட்டு, சாமந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றுவோம். மறுவருஷம் வரைக்கும் அப்படியே கிடக்கும்.

எனக்கு இந்த வழக்கம் பிடிக்காது. பத்தாவது படிக்கும்போது ஒருநாள் நைனாவிடம் சண்டை போட்டேன்.

"பணக்காரங்களுக்கெல்லாம் மொசைக் போட்டுக் கல்லறை கட்டிக் குடுத்துட்டு வர்றியே, அம்மாவுக்கு ஒரு வரிச செங்கல்லு வச்சா இன்னா?"

நைனா சாந்து பூசும் கரணையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செங்கல்லு வச்சுப் பூசிட்டா, நாளைக்கு நான் எப்பிடிம்மே உள்ள போறது?"

அவர் அதை ஒரு துக்கமாகச் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸில் தனக்கு ஒரு சீட் இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நைனா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டபோது, "எனக்கு எடம் கீதுப்பா" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அந்த வளைவை நேராக்க வேண்டும் என்று முதலில் கேட்டதும் நைனாதான். அம்மா போனதிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் வேலைக்கு நடுவில் வேலை. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போய் ஆபீஸ் வாசல்களில் நிற்பார். கொஞ்சம் வளர்ந்ததும் மனு எழுதுகிற வேலை என்னுடையதாயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் டைப்ரைட்டிங் சேர்ந்தபிறகு மனுக்களை டைப் அடித்தே கொடுத்தேன். 'மேற்படி வளைவு', 'மேற்படி விபத்து' என்று அடிக்கும்போது என்னை நானே வக்கீல் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். இந்த வாரம் மனு போட்டால் அடுத்த வாரம் ரோடு ரோலர் வந்துவிடும் என்று நம்புகிற வயசு.

ரோலர் வரவில்லை. வருஷங்கள் போயின. பிறகு இந்தப் பக்கமெல்லாம் ஃபாக்டரி வரப்போகிறது, பெரிய லாரிகள் ஓடும் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. பேச்சோடு ஒரு நாள் ஜீப்பும் வந்தது. வளைவை நேராக்கப் போகிறார்கள், ஆட்சேபணை இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். அன்றைக்கு நைனா எனக்குப் பக்கோடா வாங்கிவந்தார். வழியெல்லாம் தின்றுகொண்டே வந்திருப்பார் போல, பொட்டலத்தில் தூள்தான் மிச்சம் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குக் காலனியே போனது. எங்களுக்கு என்ன ஆட்சேபணை? ரோடு வரட்டும் என்று சொல்லத்தான் போனோம். தாசில்தார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுவரில் படம் ஒட்டியிருந்தது. புது ரோடு ஊர்க்காரர்களின் கழனிக்குள் புகுந்து நேராகப் போவதாகச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை.

"கோடு போட்டவரு கெணத்த எட்டிப் பாத்தாரா? கெணறு போச்சுன்னா கழனி போச்சு. கழனி போச்சுன்னா நாங்க இன்னாத்த திங்கறது, உங்க ஜல்லியவா?"

தாசில்தார் பொறுமையாகத்தான் கேட்டார். எழுதிக்கொண்டார். இன்ஜினியரோடு குசுகுசுவென்று பேசினார். பிறகு எழுந்து நின்று, யாருடைய பட்டா நிலமும் போகாது, கோட்டை இந்தப் பக்கம் தள்ளிப் புறம்போக்கு வழியாகவே கொண்டுபோய்விடலாம் என்றார். ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். பின்னால் நின்றிருந்த நாங்களும் தட்டினோம். சண்டை தீர்ந்து ரோடு வரப்போகிறதே என்று தட்டினோம்.

புறம்போக்கு என்று அவர் சொன்னது எங்கள் கல்லறைத் தோட்டம். கணக்கில் அது மேய்ச்சல் புறம்போக்காகவே இருந்திருக்கிறது. எங்களில் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அது கல்லறை. கல்லறையைப் போய் யார் மேய்ச்சல் என்று நினைப்பார்கள்?

சர்வே ஆட்கள் வந்து சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டுவிட்டுப் போனபிறகுதான் தெரிந்தது. ஒரு குச்சி அம்மாவின் கால்மாட்டில் நின்றது. வேலையிலிருந்து வந்த நைனா சைக்கிளை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

"தப்பா நட்டுக்கினாங்க" என்றார். "பாவம், புதுப் பசங்க போல கீது. நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

மறுநாள் போனார். தப்பாக நடவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதோடு, "வளைவ நேராக்கச் சொல்லி வருஷக்கணக்கா வந்து நின்னது நீதானேய்யா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். நைனா திரும்பி வந்து சாப்பிடவில்லை.

நான்தான் விடவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து மனு அடித்தேன். எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்று அடித்தேன். பதில் வந்தது. வந்தேவிட்டது. பொதுமக்களின் கருத்தை முறைப்படி கேட்டார்களா என்பதை மேற்பார்வை செய்யும் அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார் என்றது அது. அந்த வரியை நான் காலனி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

குழாயடியில் பக்கத்து வீட்டுச் சின்னம்மா குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "வர்றவரு ரோடு போடறவரா?"

"இல்ல சின்னம்மா. ரோடு போடறவங்க நம்மள ஒழுங்காக் கேட்டாங்களான்னு பாக்கறவரு."

"சரி. இவரு ஒழுங்காப் பாத்தாரான்னு யாரு வந்து பாப்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுக்காக, எங்களைக் கேட்டார்களா என்று பார்ப்பதற்காக, ஒரு ஆபீசர். நேரில் பார்த்தால் போதும், கல்லறை என்று தெரிந்துபோகும். வேறென்ன வேண்டும்?

அவர் வரும் நாள் கல்லறைத் திருநாளுக்கு முந்தியே இருந்தது. போன வருஷத்து மேடெல்லாம் கரைந்து, முள் மண்டி, தோட்டம் தரிசாகக் கிடந்தது. உபதேசியார் கோயில் வாசலில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"பிஷப்பு வந்தா இப்பிடியே வுட்டு வைப்போமா? நம்ம ஜனங்க படுத்துக்கினு கீற எடம். ஆபீசரு வந்து முள்ளுலயா கால வைப்பாரு?"

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இடத்தைச் சுத்தம் செய்வது, கோலம் போடுவது, வெள்ளை அடிப்பது எங்கள் பழக்கம். செய்யாமல் விட்டால்தான் அவமரியாதை. ஆண்கள் கூலிக்குப் போகாமல் நின்று முள் வெட்டினார்கள். பெண்கள் ஏரியிலிருந்து செம்மண் சுமந்தார்கள். நானும் சுமந்தேன். மேடுகள் எழும்பின. சவுக்குக் கட்டை வாங்கிவந்து புதுச் சிலுவைகள் அடித்துச் சுண்ணாம்பு பூசினார்கள். மேடு போட ஆரம்பித்ததும் ஒரு சிக்கல். சில இடங்களில் யார் இருக்கிறார்கள், எங்கே தலைமாடு, எங்கே கால்மாடு என்று யாருக்கும் நிச்சயமில்லை. விட்டால் நடுவில் பொக்கைப்பல் மாதிரி தெரிகிறது. அங்கேயும் மண் போட்டார்கள். வரிசை கோணலாக இருக்கிறது என்று நைனா வீட்டுக்கு ஓடிப்போய் நூலைக் கொண்டுவந்தார். நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறவர் அல்லவா. மேடுகளை நூல் பிடித்து ஒரே நேராக்கினார். அம்மாவின் மேட்டை மட்டும் மட்டப்பலகை வைத்துத் தேய்த்து, ஓரத்தைக் கரணையால் சீவிவிட்டார். அவ்வளவு அழகாக எங்கள் கல்லறையை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் தள்ளி நின்று பார்த்தோம். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். ஒல்லியாக, கையில் குடையோடு. கூட சர்வேயரும் ஒரு கிளார்க்கும். மாலையைக் கையிலேயே வாங்கிக்கொண்டு, "எதுக்குங்க இதெல்லாம்" என்றார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு வேப்பமர வேரில் உட்கார்ந்தார். அவரை எனக்குப் பிடித்துவிட்டது. இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

"பள்ளிக்கூடத்துல விசாரணை நடந்தப்ப நீங்க எல்லாரும் வந்தீங்களா?"

"வந்தோம் ஐயா."

"ஆட்சேபணை ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க ஐயா. அப்ப கோடு இங்க வரலீங்க."

அவர் தலையாட்டினார். கிளார்க் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து தோட்டத்துக்குள் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். வரிசையின் தலைப்பில் நின்று கடைசி வரைக்கும் பார்த்தார். எல்லா மேடும் ஒரே உயரம், ஒரே நிறம். எல்லாச் சிலுவையும் ஒரே வெள்ளை. சர்வேயர் கையில் வைத்திருந்த இரும்புக் கம்பியை ஒரு மேட்டில் குத்தினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. அடுத்ததில் குத்தினார். அதிலும் இறங்கியது.

"புது மண்ணு சார்" என்றார்.

அதிகாரி உபதேசியாரைப் பார்த்தார். "இதெல்லாம் எப்பச் செஞ்சீங்க?"

உபதேசியார் கையைக் கட்டிக்கொண்டு, பெருமையாகவே சொன்னார். "முந்தாநேத்து ஆரம்பிச்சு நேத்து முடிச்சிட்டோம் ஐயா. ஐயா வர்றீங்கன்னுதான்."

கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். சர்வேயர் ஏரியைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது. நாங்கள் மரியாதை என்று செய்தது அவர்கள் கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறது என்று. ரோட்டைத் தடுக்க ராவோடு ராவாகக் கல்லறை முளைக்கவைத்த ஜனங்களாக நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தோம்.

நான் முன்னால் போய்ப் பேசினேன். வேகவேகமாகப் பேசினேன். வழக்கத்தைச் சொன்னேன், சிமெண்டு வைக்காததைச் சொன்னேன், கல்லறைத் திருநாளைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"படிச்ச பொண்ணா இருக்கே. சரி. இதுல எது பழசு? ஒண்ணு காட்டும்மா."

திரும்பிப் பார்த்தேன். எதையும் காட்ட முடியவில்லை. பழசாக எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

"சர்ச்சுல பதிவு இருக்குமே" என்றார் அவரே.

இருந்தது. இறந்த நாள், வயசு, இறுதிச் சடங்கு செய்த சாமியார் எல்லாம் இருந்தது. எந்த இடத்தில் புதைத்தோம் என்று எழுதும் வழக்கம் இல்லை. அதைச் சொன்னபோது அவரும் வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சர்வேயர் மெதுவாகச் சொன்னார். "ஒண்ணத் தோண்டிப் பாத்தா தெரிஞ்சிடும் சார்."

"அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்றார் அதிகாரி. பிறகு எங்களிடம் திரும்பினார். "நான் தோண்டச் சொல்ல மாட்டேன். நீங்களா ஒண்ணு காட்டினா, கண்ணால பாத்தேன்னு எழுதுவேன். கோட்டை நிச்சயமா மாத்தச் சொல்லுவேன்."

கண்களெல்லாம் ஒவ்வொன்றாக நைனா பக்கம் திரும்பின. மற்ற இடங்களில் நூல் பிடித்த மேட்டுக்குக் கீழே யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றே நிச்சயமில்லை. அம்மாவுக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் வைத்ததெல்லாம் கைக்குழந்தைகள்தான். அந்தக் குழிகளைத் தொட யாருக்கும் மனசு வராது. இங்கேதான் இருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டக்கூடிய ஒரே இடம் அம்மாவுடையது.

"எல்லாருக்காகவும்தாம்பா" என்றார் உபதேசியார், அவர் காதருகே. "எங்க அப்பன், எங்க ஆத்தா எல்லாம் இங்கதான் கீறாங்க."

நைனா மண்வெட்டியை எடுத்தார். அம்மாவிடம் நடந்தார். நாங்களும் போனோம். மேட்டின்மேல் தூவியிருந்த சாமந்தியைக் குனிந்து கையால் ஒரு பக்கம் ஒதுக்கினார். தான் சீவிவிட்ட ஓரத்தில் மண்வெட்டியின் விளிம்பை வைத்தார். வைத்தபடியே நின்றார். ரோட்டில் ஒரு ஜல்லி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வளைவைச் சுற்றிப் போகும்வரை நின்றார்.

"வேணாம் சார்."

"என்னங்க?"

"ரோட்லேர்ந்து இவள வாரி எடுத்தாந்தது நாந்தான் சார். ஒரு தபா பாத்தாச்சு. இன்னொரு தபா என்னால முடியாது."

மண்வெட்டியைப் படுக்கவைத்தார். ஒதுக்கிய சாமந்தியைத் திரும்ப மேட்டின்மேல் நகர்த்தினார்.

அதிகாரி குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, கேட்டே ஆகவேண்டிய கேள்வி என்பதுபோல, தாழ்ந்த குரலில் கேட்டார். "வளைவை நேராக்கச் சொல்லி மனுக் கொடுத்துட்டு இருந்தது நீங்கதானே?"

"ஆமா சார். நாந்தான் கேட்டேன்."

"இப்ப வேண்டாங்கறீங்களா?"

நைனா ரோட்டைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வளைவின் ஓரத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் போகச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

"வேண்டாம்னு எப்பிடி சார் சொல்றது" என்றார். "போடுங்க சார்."

கிளார்க் அதை எழுதிக்கொண்டார்.

மண்வெட்டி என் காலடியில் கிடந்தது. நான் எடுத்திருக்கலாம். எடுத்திருப்பேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. நைனாவின் முகத்தைப் பார்த்தபிறகும் எடுத்திருந்தால் நான் யாராக இருந்திருப்பேன் என்பதும் தெரியவில்லை.

பொதுமக்களின் கருத்து முறைப்படி கேட்கப்பட்டது என்று முடிவு வந்தது. அது பொய்யில்லை. அந்த அதிகாரி எங்களுக்காக ஒன்று செய்திருந்தார். அந்த இடத்தில் எங்கேயும் தோண்டக் கூடாது, மேலே மண் கொட்டி மேடாக்கியே ரோடு போட வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். ஏரியின் கடைக்கோடியில் வேறு இடமும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடம்.

லாரிகள் வந்து கிராவல் கொட்டின. நூல் பிடித்த வரிசை ஒரே பகலில் மறைந்துபோனது. சிலுவைகளை மட்டும் உபதேசியார் முன்னாலேயே பிடுங்கிக் கோயிலுக்குப் பின்னால் அடுக்கிவைத்தார். ரோலர் ஓடிய நாட்களில் நைனா தாம்பரத்திலேயே தங்கிவிட்டார். சிறுபாலம் கட்ட கொத்தனார் வேண்டும் என்று கான்ட்ராக்டர் எங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். பக்கத்திலேயே வேலை, நல்ல கூலி. நைனா போகவில்லை.

காலனி அவரை மன்னிக்கவில்லை. சண்டை யாரும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. டீக்கடையில், "இன்னா மேஸ்திரி, ரோடு கேட்டியே, கெடச்சிச்சா?" என்பார்கள். "ஒரு கூடை மண்ணு எடுத்திருந்தா அத்தினி பேரும் பொழச்சிருப்பாங்க" என்பார்கள், ஏற்கெனவே செத்தவர்களைப் பற்றி. நைனா டீயைக் குடித்து முடித்துவிட்டு கிளாஸைக் கவிழ்த்துவைத்துவிட்டு வருவார். பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒருத்திதான், "அந்த மனுஷன வுடுங்கடா. உங்க பொண்டாட்டிய நீங்க தோண்டுவீங்களாடா?" என்று குழாயடியிலிருந்து கத்துவாள்.

ரோடு போட்டபிறகு அந்த இடத்தில் யாரும் சாகவில்லை. இதையும் நான் எழுதத்தான் வேண்டும். பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொள்ளாமல் போகிறார்கள். மாவு மில்லுக்குப் பெண்கள் பேசிக்கொண்டே போகிறார்கள். நான் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். தினமும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். கண்டக்டர் இன்னும், "வளைவு எறங்கு" என்றுதான் சொல்கிறார். வளைவு எங்கே என்று புதிதாக வந்தவர்கள் சன்னலுக்கு வெளியே தேடுகிறார்கள். பஸ் அந்த இடத்தில் குலுங்குவதுகூட இல்லை. எந்த இடம் என்று கண்டுபிடிக்க நானே ஒரு வேப்பமரத்தை அடையாளம் வைத்திருக்கிறேன்.

நைனா அந்த ரோட்டில் வருவதில்லை. பழைய வளைவு இன்னும் இருக்கிறது. தார் பெயர்ந்து, மாடு கட்டவும் எருமுட்டை தட்டவும் ஆகிவிட்டது. பஸ்ஸில் வந்தால் முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி அந்த வளைவைச் சுற்றி நடந்துதான் வீட்டுக்கு வருவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் ஏரிக்கோடியில் ஒதுக்கிய புது இடத்துக்குப் போவார்கள். அவர் சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

போன மாதம் சாரத்திலிருந்து விழுந்து அவருக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடவைத்து பஸ்ஸில் அழைத்துவந்தேன். முந்தின ஸ்டாப்பு நெருங்குவதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுகொண்டார்.

"நைனா, கால வச்சிக்கினு அவ்ளோ தூரம் நடக்க முடியாது. இன்னிக்கி ஒரு நாளு..."

"நீ போம்மே. நான் மெதுவா வர்றேன்."

நானும் இறங்கினேன். அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு பழைய வளைவில் நடந்தோம். எருமை ஒன்று நடு ரோட்டில் படுத்திருந்தது. புது ரோட்டில் லாரிகள் தூரத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தன. இனி அவரை எங்கே வைப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தைப் பற்றி அவரும் பேசுவதை விட்டுவிட்டார். வளைவு திரும்பும் இடம் வந்ததும், அம்மாவை அடித்த இடம் அது, என் தோளைப் பிடித்து ரோட்டின் உள்பக்கத்துக்கு இழுத்தார்.

"இந்தாண்ட வா. லாரி வரும்."

எதுவும் வராத அந்த ரோட்டில் நான் உள்பக்கமாக வந்து, அவரோடு நடந்தேன்.